அட்டைப் பாட்டும் அறுபத்தெட்டுப் பெயர்களும்

என் பெயரில் ஓர் இசைத்தட்டு வெளிவந்திருக்கிறது. எனக்குப் பாடத் தெரியாது. இந்த இரண்டு உண்மைகளையும் அடுத்தடுத்துச் சொன்னால், நான் ஏதோ அடக்கமாகப் பேசுவதாக எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமெல்லாம் கிடையாது. கோயில் பஜனையில் நான் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர் ஜால்ராவைக் கொஞ்சம் ஓங்கித் தட்டுவார் (பக்தியினால் அல்ல, என்னை மூடுவதற்காக). அப்படிப்பட்ட என் தொண்டையைக் கப்பலேற்றி, வெளிநாட்டில் கொண்டுபோய் கறுப்புத் தட்டில் அழுத்தி, நூறு பிரதி எடுத்து வந்தார்கள். அந்தப் பாவத்தைச் செய்தவன் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தெமோதரைக்கு மேலே கல்லுப்பாலத் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு அப்போதுதான் சின்னக் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்திருந்தது. வயது இருபத்திரண்டு. அரைக்காற்சட்டை, முழங்கால் வரை மேஸ் என்கிற காலுறை, காதில் பேனா. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வந்து கூடியதும் பெயர்களைக் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று சொல்வது என் வேலை. அதை நான் சும்மா சொல்ல மாட்டேன். ஒரு ராகம் போட்டு இழுப்பேன். "கருப்பையா மகன் சுப்பையாஆஆ..." என்று நான் கூப்பிட்டால் எதிர்மலையில் மாடு திரும்பிப் பார்க்கும். அதை நான் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்ட காலம் அது.

பாடத் தெரிந்தவள் என் அக்கா செல்லம்மா. கொழுந்து எடுத்துக்கொண்டே பாட்டுக் கட்டுவாள். அவள் கட்டியதில் தோட்டம் முழுக்கப் பரவியது அட்டைப் பாட்டு.

"அட்டைக்கும் தெரியுமடி ஆளப் பாத்துக் கடிக்க,
மேசு போட்ட தொரையக் கண்டா மெதுவா வெலகி நடக்க."

இப்படித் தொடங்கி, தோட்டத்தில் ஒருவரையும் விடாமல் ஒவ்வோர் அடியில் ஒவ்வொருவரையும் கடிக்கும் பாட்டு. கடைசி அடி எனக்கு.

"பேரு கூப்புட்ற தம்பிக்குப் பெரும ரொம்பப் பெருசு,
அட்டை ஏறி அஞ்சு நிமிசம் அலறுனதோ புதுசு."

(நடந்தது உண்மைதான். ஆனால் ஐந்து நிமிடம் இல்லை.)

தோட்டத்து ஆட்களை இரண்டு நாட்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்ட காலம். அந்த வருடம் அக்காவுக்கும் மச்சானுக்கும் இந்தியாவுக்குப் போகக் கடுதாசி வந்துவிட்டது. மச்சான் வீட்டில் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அம்மாவும் நானும் இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்திருந்தோம். ஒரே லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்தவர்களைக் கடுதாசி இரண்டு நாட்டுக்காரர்களாக்கிவிட்டது. அம்மா அழவில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா, ரேடியோவுல பாடுறவங்க கொரலெல்லாம் தட்டுல இருக்குல்ல? அந்த மாதிரி இவ கொரலையும் போட்டுக் குடுக்க மாட்டாங்களா?"

"எதுக்கும்மா? போட்டோ எடுத்து வச்சுக்கலாமே."

"போட்டோ பேசுமாடா? எனக்கு அவ கொரலு இங்க கெடந்தாப் போதும்."

அம்மா என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அதனால் அன்றைக்கே பதுளைக்கு பஸ் ஏறினேன். கடைவீதியில் ரேடியோவும் இசைத்தட்டும் விற்கும் ஹமீது நானாவைப் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம்) பார்த்துக் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டே விளக்கினார்.

"கொழும்புல பாட்ட நாடாவுல பிடிக்கிற எடம் ஒண்டு இருக்கு தம்பி, எனக்குத் தெரிஞ்ச எடம். அந்த நாடாவ வெளிநாட்டுக்கு அனுப்பினா அங்க அச்சு செஞ்சு தட்டா அழுத்தி அனுப்புவாங்க. ஆனா ஒரு தட்டு, ரெண்டு தட்டுக்கெல்லாம் மெஷின ஓட்ட மாட்டாங்க. நூறு தட்டு எடுக்கணும். விளங்கினதா?"

"விளங்குது நானா."

"இன்னொண்டு. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிசம். மூணே மூணு நிமிசம். அதுக்கு மேல தட்டுல எடம் இல்ல."

அட்டைப் பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால் நானாவின் இரண்டாவது எச்சரிக்கையை நான் காதில் வாங்கிக்கொள்ளவேயில்லை. என் கவலையெல்லாம் நூறு தட்டுதான். எங்கள் தோட்டத்து லயங்களில் பாட்டுப்பெட்டி வைத்திருந்தவர்கள் ஒருவரும் இல்லை. பெட்டியே இல்லாதவரிடம் தட்டை எப்படித் தலையில் கட்டுவது?

வழி காட்டியவர் தலைவர் வேலாயுதம். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அவர் காதுக்குப் போகாமல் எங்கள் தோட்டத்தில் கோழி கூட முட்டையிடாது. "கணக்கப்புள்ள, திருவிழாவுல என்னா செய்றோம்? தேங்கா குடுத்தவன், வாழக்கொல குடுத்தவன் எல்லாரு பேரையும் மைக்குல சொல்றோமா இல்லியா? அதே மாதிரி தட்டு எடுக்குறவங்க பேரத் தட்டுல சொல்லிப்புடு. எவன் வேணாம்பான்?" என்றார்.

எவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. லயம் லயமாகப் போனேன். "பேரு வருமா?" என்பதுதான் எல்லா வாசலிலும் ஒரே கேள்வி. "வரும்" என்றேன். "எங்கப்பா பேரோட வருமா?" "வரும்." "வெள்ளக்காரனும் கேப்பானா?" "மெஷின ஓட்டுறவன் கேட்டுத்தானே ஆகணும்." அறுபத்தெட்டுக் குடும்பங்கள் சேர்ந்தன. மீதித் தட்டுகளை நானா தன் கடையில் வைத்து விற்பதாக ஒப்புக்கொண்டார். தலைவர் பெருந்தன்மையோடு, "மொதப் பக்கத்த பொம்பளப் புள்ளைக்கே விட்டுக் குடுக்குறேன். மறுபக்கத்துல நான் ரெண்டு வார்த்த பேசிக்கிறேன்" என்று முடித்துவிட்டார்.

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்த விதத்தை விளக்க வேண்டும். அறுபத்தெட்டுப் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தினமும் கூப்பிடுகிறவன். ஆனால் பெயர் சொல்வது பாட்டில் சேரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் தோட்டத்தில் எட்டு மணிக் கூத்தென்றால் எட்டு மணிக்கு மைக்கில் பெயர் சொல்லத் தொடங்குவார்கள். அது ஒரு மணி நேரம் ஓடும். பிறகு கூத்து தொடங்கும். "கூத்து ஏன் தாமதம்?" என்று ஒருவரும் கேட்டதில்லை. பெயர் சொல்லும் நேரம் நேரக் கணக்கிலேயே சேராது. நானாவின் மூன்று நிமிடமும் பாட்டுக்கு மட்டும்தான் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். இசைத்தட்டு அழுத்தும் மெஷினுக்கும் எங்கள் வழக்கம் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கொழும்புக்கு ஐந்து பேர் ரயில் ஏறினோம். நான், அக்கா, மச்சான், தலைவர், தப்பு அடிக்கும் மருதை. அம்மா தெமோதரை ஸ்டேஷன் வரை வந்து அக்காவுக்கு ஒரு துண்டு சுக்கைக் கொடுத்து, "தொண்ட காஞ்சிறப் போவுது, வாயில அதக்கிக்க" என்றாள். நான் வழி முழுக்கப் பெயர்ப் பட்டியலை முணுமுணுத்துக்கொண்டு போனேன். ஹப்புத்தளையில் அக்கா, "தம்பி, பாடப் போறது நானா, நீயா?" என்று கேட்டாள். நான் இருபதாவது பெயரிலிருந்து தொடர்ந்தேன்.

மறுநாள் காலை அந்த இடத்துக்குப் போனோம். சுவரெல்லாம் தும்பு மெத்தை அடித்த ஓர் அறை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு சிங்கள மஹத்தயா (அவர்கள் மொழியில் ஐயா), காதில் பெரிய மூடிகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழில் "வாங்க", "போங்க", "மூணு நிமிச" ஆகியவை தெரியும். எங்களுக்குச் சிங்களத்தில், சரி என்று பொருள்படும் "ஹரி" தெரியும். அந்த முதலீட்டை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எங்களுக்குச் சிவப்பு விளக்கு என்றால் கோயில் விளக்கு. தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டார். அக்கா கும்பிட்டுக்கொண்டாள்.

மரியாதை முறைப்படி முதலில் தலைவர். ரெண்டு வார்த்தைதான். ஆனால் தலைவருடைய ஒரு வார்த்தை சாதாரண வார்த்தைகளில் நானூறு தேறும். எங்களுக்குக் கொடுத்திருந்தது ஒரு மணி நேரம். அவர் "தோழர்களே" என்று தொடங்கி, தொண்டையைச் செருமி, மறுபடி தொடங்கி, இல்லாத தண்ணீர்க் குவளையைத் தேடி, மீண்டும் தொடங்கி, ஐந்தாம் முறை மஹத்தயா விரலால் கழுத்தை அறுத்துக் காட்டிய பிறகு "நன்றி, வணக்கம்" என்றபோது எங்களுக்கு மிச்சம் பத்து நிமிடம்.

அடுத்து நாங்கள். மைக்குக்கு முன்னால் நான், எனக்குப் பின்னால் அக்கா, மூலையில் மருதை. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் மூச்சை இழுத்து, பெரட்டுக் களத்தை மனதில் நிறுத்தி, "கல்லுப்பாலத் தோட்டத்து அன்பர்களான, கருப்பையா மகன் சுப்பையாஆஆ..." என்று தொடங்கினேன்.

எப்போதும் வருகிற அதே ராகம். பத்தாவது பெயரில் மஹத்தயா கண்ணாடிக்கு அப்பால் தலையாட்ட ஆரம்பித்தார். இருபதாவது பெயரில் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். மருதையைப் பார்த்து, "நீயும் அடி" என்பது போலக் கையைத் தட்டினார். மருதை என்னைப் பார்த்தான். நானும் சரி என்று தலையாட்டினேன் (அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது). அவ்வளவுதான், "இருளாயி மகள் மாரியாயீஈஈ" டண்டணக்க, "வீரப்பன் மகன் ராமய்யாஆஆ" டண்டணக்க என்று அது ஒரு கச்சேரியாகவே ஆகிவிட்டது. மஹத்தயாவுக்கு அதுதான் பாட்டு. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழ் தெரியாத ஒருவருக்கு அது பாட்டில்லை என்று எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவன் நான். எனக்கோ, கொழும்பிலேயே ஒருவர் என் குரலுக்குத் தலையாட்டுகிறார் என்ற மயக்கம். நாற்பதாவது பெயருக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

அறுபத்தெட்டாவது பெயர், பழனியாண்டி மகன் சோலைமலை. முடித்துவிட்டு விலகினேன். அக்கா சுக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அட்டைக்கும் தெரியுமடி ஆள..." என்று எடுத்தாள். அந்த நேரத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது.

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா முழுப்பாட்டையும் பாடினாள். அன்றைக்குப் பாடியது போல அவள் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. என் அடி வரும்போது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினாள். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மஹத்தயா காது மூடிகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, கடைசி வரை மரியாதையாகக் கேட்டார். நாடா எப்போதோ நின்றுவிட்டது என்று அவருக்குத் தெரியும். பாட்டு முடிந்த சந்தோஷத்தில் இந்தப் பெண் இன்னொரு பாட்டும் பாடுகிறாள் என்று எண்ணியிருப்பார். "ஹரி ஷோக்" என்று பாராட்டினார். பிறகு ஒரு தாளைக் கொண்டுவந்து, எழுதுவது போலச் சைகை காட்டி, "நம, நம?" என்று என்னிடம் பெயர் கேட்டார். பொறுப்பாளி யார் என்று கேட்கிறார் என நினைத்து, கே. தங்கராசு என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

நாடா கப்பலில் போய்த் தட்டாகித் திரும்புவதற்குள் அக்கா இன்னொரு கப்பலில் போய்விட்டாள். பதுளையில் அக்கா ரயில் ஏறும்போது அம்மா அப்போதும் அழவில்லை. "அவ கொரலு பின்னால வருதுல்ல" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

நாலு மாதம் கழித்துத் தட்டுகள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலை நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் எல்லாரும் கூடினார்கள். ஹமீது நானாவே பட்டரியில் ஓடும் பிளேயரோடு வந்திருந்தார். உறையைப் பிரித்து நடுவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தவர், "தம்பி, பாடினது நீங்களா?" என்று கேட்டார். "பாடியவர்: கே. தங்கராசு" என்று அச்சடித்திருந்தது. அச்சுப்பிழை என்றேன். அம்மா முன்வரிசையில், புதுச்சேலை கட்டி, பிளேயருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

முள் இறங்கியது. என் குரல் வந்தது. சுப்பையா எழுந்து நின்று, "நாந்தான்" என்றார். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆள் எழுந்தார். எழுந்தவர்கள் உட்காரவில்லை. கூட்டம் கூடிக்கொண்டே போனது, தப்பு அதிர்ந்தது, சீழ்க்கை பறந்தது. நானும் கொஞ்சம் பூரித்துத்தான் போனேன். கடைசியில் சோலைமலை எழுந்து கும்பிட்டார். அம்மா கையால் எல்லாரையும் அமர்த்தினாள்.

"அட்டைக்கும் தெரியுமடி ஆள..."

கர்ர்ரக், கர்ர்ரக் என்று முள் நடுவில் சுற்றியது.

நானா முள்ளைத் தூக்கித் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் "ஆள", மறுபடியும் கர்ர்ரக். நானா என்னைப் பார்த்த பார்வையில் அந்த மூன்று நிமிடமும் இருந்தது.

"அவ்வளவுதானாப்பா?" என்றாள் அம்மா. நானாவைப் பார்த்துத்தான் கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"மறுபக்கம் இருக்கும்மா, திருப்பிப் போடுங்க நானா" என்றார் தலைவர் உற்சாகமாக. மறுபக்கம் "தோழர்களே" என்று தொடங்கியது. அம்மா எழுந்து காம்பராவுக்குப் போய்விட்டாள்.

எனக்கு அன்று எங்கேயாவது விழுந்து சாகலாம் போலிருந்தது. வேடிக்கை என்னவென்றால், தோட்டத்தில் மற்ற எல்லாருக்கும் ஏக சந்தோஷம். இப்படியொரு ரெக்கோட்டு உலகத்திலேயே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். பெட்டிதான் இல்லையே, தட்டின் நடு ஓட்டையில் ஆணி அடித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, பொட்டு வைத்தார்கள். தட்டு எடுக்காத குடும்பங்கள் வந்து, "அடுத்த தட்டு எப்ப கணக்கப்புள்ள?" என்று கேட்டன. அம்மா மட்டும் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை வைக்கும் சத்தத்திலிருந்து அன்றைய நிலவரத்தை நானே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அக்காவுக்கு எழுதிப் பாவமன்னிப்புக் கேட்டேன். தோட்டத்திலிருந்து போன இன்னொரு குடும்பத்திடம் ஒரு தட்டும் கொடுத்தனுப்பினேன். அக்கா குடியேறியிருந்த கூடலூரிலிருந்து பதில் வந்தது. கப்பலில் வந்திறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமின் வெயிலில் தட்டு கிண்ணமாக வளைந்துவிட்டதாம், அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாளாம். அடுத்த வரியில் விஷயத்துக்கு வந்தாள். "தம்பி, உன்னைப் பற்றி நான் பாடிய அடி தட்டில் வரக்கூடாது என்றுதானே அத்தனை பெயரையும் இழுத்து இழுத்துச் சொன்னாய்?" சத்தியமாக இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியவனும் நானே. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அதுவே முடிந்த முடிவாகிவிட்டது. என் மனைவியே அதைத்தான் நம்புகிறாள். நான் எதையாவது சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினால் என் பிள்ளைகள், "அப்பா, அட்டை எப்ப வரும்?" என்று கேட்பார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

பரிகாரமாக நானாவிடம் ஒரு பழைய பிளேயர் வாங்கி அம்மாவுக்குக் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, முள்ளை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதை இரண்டே நாளில் படித்துவிட்டாள். அறுபத்தேழு பேரையும் தாண்டி, சரியாகச் சோலைமலையில் வைப்பாள். "சோலைமலைஐஐ" டண்டணக்க, "அட்டைக்கும் தெரியுமடி ஆள". மறுபடி தூக்கி வைப்பாள். அடுப்பில் உலை கொதிக்கும் வரை இதே வேலைதான். சோலைமலை ஊரெல்லாம், "கணக்கப்புள்ள அம்மா தெனம் எம் பேரத்தான் கேக்குறாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பல வருடம் இப்படியே போனது.

அம்மா இறந்து முப்பதாம் நாள் கும்பிட்ட பிறகு அந்தத் தட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மற்றவர்கள் வீட்டுத் தட்டெல்லாம் அதற்குள் உடைந்தோ, வீட்டோடு இடம் மாறியோ போய்விட்டன. சுப்பையாவிலிருந்து ஒவ்வொரு பெயரும் கணீரென்று வந்தது, என் குரல் இளமையாக, வெட்கங்கெட்டத்தனமாக. அறுபத்தேழாவது பெயருக்குப் பிறகு சோலைமலை பாதிதான் வந்தார். அக்கா வரவேயில்லை. அந்த ஒரு விரற்கடை இடம் மட்டும் முள் ஏறி ஏறிச் சாம்பல் நிறமாகத் தேய்ந்து போயிருந்தது.

கூடலூருக்குப் போன் போட்டு அக்காவிடம் சொன்னேன்.

"அம்மாவா தேச்சுத் தீத்தாங்க?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"அப்ப நல்லாத்தான் பாடியிருக்கேன்" என்றாள் அக்கா.